மஞ்சளும் நீலமும்

மதுரை மாநகரின் தெற்கு மாசி வீதியிலும் அதனை அடுத்த தெருக்களிலும் மாலை வேளையில் நடந்து செல்வோர், துணிக்கடைகளின் முகப்பில் வரிசையாகத் தொங்கும் சுங்குடிப் புடவைகளைக் காணாமற் செல்லுதல் அரிது. சிவப்பும் பச்சையும் ஊதாவும் கருப்புமாகப் பல நிறப் புடவைகள் ஆங்குத் தொங்கினும், கருநீலப் பரப்பில் மஞ்சட் புள்ளிகள் விளங்கும் புடவை ஒன்று அவற்றிடையே இருக்குமாயின், நம் கண் முதலில் அதன்மேற் சென்று நிற்கின்றது. தெருவின் எதிர்ப்புறத்தினின்று நோக்கினும் அதன் புள்ளிகளை எண்ணிவிடலாம் போலத் தோன்றுகின்றது. இவ்வீர்ப்பு எதனால் உண்டாகின்றது? மஞ்சளுக்கும் நீலத்திற்கும் உள்ள உறவு யாது? அவ்விரண்டையும் ஒருங்கே ஆள்வோர் நினைவிற் கொள்ள வேண்டிய நெறிகள் யாவை? இவற்றை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரு நிறங்களும் நம் நாட்டிற்குப் புதியன அல்ல. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கங்களில் நெல் முற்றிய காலத்தே வயல் வரப்பில் நின்று பார்ப்போமாயின், அடியில் மஞ்சள் விரிந்து கிடக்க, அதற்கப்பால் சிறுமலைத் தொடர் நீல நிறங்கொண்டு தோன்றும். அருகிற் சென்றால் அம்மலை பச்சையும் பழுப்புமே; இடையிலுள்ள காற்று, கதிரவன் ஒளியில் நீலக் கூற்றையே மிகுதியாகச் சிதறச் செய்வதால், தொலைவிலிருந்து நோக்குவார்க்கு நீலமாகத் தெரிகின்றது. சங்கச் சான்றோர் முல்லை நிலத்திற்கு உரியனவாகப் போற்றிய மலர்களுள் கொன்றையும் காயாவும் இரண்டு. ஒன்று பொன்போன்ற மஞ்சள், மற்றொன்று மணிபோன்ற நீலம். திருமாலை நீலமேனியராகவும் பொன்னாடை உடுத்தவராகவும் தீட்டும் ஓவிய மரபும் இவ்விரண்டன் சேர்க்கையே. ஆகவே இயற்கையும் கலையும் இவ்விணையை நெடுங்காலமாகவே நம் கண்முன் நிறுத்தி வந்துள்ளன எனலாம்.

நீலம் பிறக்கும் விதம்

முதற்கண் இந்நிறங்கள் துணியில் ஏறும் முறையைக் காண்போம். பண்டு நீலச் சாயத்திற்கு மூலமாயிருந்தது அவுரி என்றும் நீலி என்றும் வழங்கும் செடியாகும். அதன் இலையைப் பிழிந்தால் நீலம் வாராது. இலையும் தண்டும் தொட்டியில் நீரிலிட்டுப் பல மணி நேரம் ஊறவைக்கப்பட்டுப் புளிப்பேறும். பின்னர், அந்நீரைக் காற்றுப் புகும்படி இடைவிடாது அடித்துக் கலக்குவர். அப்பொழுது நீலம் திரிந்து அடியிற் படியும். அதனை வடித்துக் காய்ச்சிக் கட்டிகளாக அறுத்து உலர்த்துவர். நம் தமிழ்நாட்டில் திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதியில் இச்செடி இன்றும் பயிராகின்றது.

ஆனால் அக்கட்டியோ நீரிற் கரையாதது. கரையாத சாயம் நூலுள் எங்ஙனம் புகும்? இங்குத்தான் சாயக்காரரின் நுட்பம் வெளிப்படுகின்றது. அவர்கள் நீலக் கட்டியைச் சுண்ணாம்புத் தெளிவோடும் வெல்லம் அல்லது தகரை விதைக் கஞ்சியோடும் சாலில் இட்டு மீண்டும் புளிக்க வைப்பர். அப்புளிப்பால் நீலத்தினின்று உயிர்வளியின் செயல் நீங்க, அது கரையும் வடிவத்தை அடைகின்றது. வியப்பு யாதெனின், அவ்வாறு கரைந்த நிலையில் அதன் நிறம் நீலமன்று; மஞ்சள் கலந்த பச்சையாகும்! வெண்துணியை அதில் தோய்த்து வெளியே எடுத்தால் முதலில் மஞ்சள்போலத் தோன்றிப் பிறகு காற்றுப் படப்படப் பச்சையாகிச் சிறிது நேரத்தில் நீலமாக மாறிவிடும். மஞ்சளிலிருந்து நீலம் பிறக்கும் இக்காட்சியைச் சாயச்சாலை ஒன்றில் கண்ட எவரும் எளிதில் மறவார். மீண்டும் மீண்டும் தோய்க்குந்தோறும் நிறம் கறுத்துக் கருநீலமாகும். நூலுக்குள்ளேயே மறுபடியும் கரையாப் பொருளாகிவிடுவதால், நீர் அதனை எளிதில் அகற்றுவதில்லை.

மஞ்சளின் கதை வேறு. நம் வீட்டு மஞ்சட் கிழங்கின் சாயம் எளிதில் துணியிற் பற்றும். சால் வேண்டா, புளிப்பு வேண்டா. கொதிக்கும் நீரே போதும். ஆயினும் எளிதில் வந்தது எளிதிற் போகும் என்பதற்கு அது சான்று. வெயில் அதனை வெளுக்கச் செய்யும். சுண்ணாம்பு முதலிய காரப்பொருள் பட்டால் சிவந்து போகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரிற் சிறிது சுண்ணாம்பிட்டவுடன் அது குருதி நிறம் கொள்வதை யாவரும் அறிவர். உறுதியான மஞ்சள் வேண்டிய சாயக்காரர் கடுக்காய்ப் பூவையும் படிகாரத்தையும் துணையாகக் கொண்டனர். எனினும் அவுரியின் உறுதிக்கு அதுவும் ஈடாகவில்லை.

இதற்குக் கண்கூடான சான்று ஒன்று உண்டு. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவிற்குச் சென்ற சித்திரத் துணிகள் பல, இன்று இலண்டன் முதலிய நகரங்களின் பொருட்காட்சிச் சாலைகளில் உள்ளன. அவற்றிலுள்ள கொடிகளின் இலைகள் பல நீல நிறமாகக் காணப்படுகின்றன. நம் ஓவியர் நீல இலை எழுதுவதில் விருப்புடையர் போலும் என்று காண்போர் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. பச்சைக்கெனத் தனியே உறுதியான சாயம் அக்காலத்தில் இல்லாமையால், முதலில் அவுரி நீலத்தில் தோய்த்து, அதன்மேல் தூரிகையால் மஞ்சளைத் தீட்டிப் பச்சையை உண்டாக்கினர். நூற்றாண்டுகள் கழிந்தபின் மஞ்சள் மறைந்தது, நீலம் நின்றது, இலைகள் நீலமாயின.

சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகர் உடுத்து வரும் பட்டின் நிறத்தை மதுரை மக்கள் ஆவலோடு எதிர்நோக்குவர். பச்சைப் பட்டாயின் அவ்வாண்டு நாடு செழிக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. செடியிலிருந்து சாயம் எடுத்த காலத்தில் அத்தகைய பச்சையும் நீலத்தின்மேல் ஏறிய மஞ்சளாகவே இருந்திருக்கும் என்பதை நினைவிற் கொள்க.

கலப்பும் அண்மையும்

இவ்விடத்தில் நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையான உண்மை ஒன்று தோன்றுகின்றது. மஞ்சளும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இரண்டும் அழிந்து மூன்றாவதொரு நிறம் உண்டாகின்றது. ஒன்றன் பக்கத்தில் ஒன்று நின்றாலோ, இரண்டும் தத்தம் நிலையினும் மிக்கு விளங்குகின்றன. இதன் காரணத்தை மேலை நாட்டு அறிஞர் பலர் ஆராய்ந்தனர்.

பிரான்சு நாட்டில் கோபெலின் அரசாங்க நெசவுச் சாலையின் சாயப் பகுதிக்குத் தலைவராயிருந்த ஷெவ்ரல் என்னும் வேதியியல் அறிஞரிடம், அச்சாலையின் கருப்பு நூல் மங்கலாயிருக்கின்றது என்று முறையீடு வந்தது. அவர் நூலைச் சோதித்துச் சாயத்தில் குறையில்லை என்று கண்டார். குறை, அக்கருப்பின் அருகே நெய்த நீலம், ஊதா ஆகிய நிறங்களால் கண்ணிற்கு உண்டான மயக்கமே! அடுத்தடுத்து இருக்கும் இரு நிறங்கள் ஒன்றையொன்று தமக்கு எதிரான திசையில் தள்ளுகின்றன என்னும் விதியை அவர் 1839-ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். நீலத்தின் அருகிலுள்ளது மஞ்சட் பக்கமாகவும், மஞ்சளின் அருகிலுள்ளது நீலப் பக்கமாகவும் சாயும். எனவே இவ்விரண்டும் அருகருகே நிற்பின் மஞ்சள் மேலும் மஞ்சளாகவும், நீலம் மேலும் நீலமாகவும் தோன்றுதல் இயல்பே.

1852-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் மற்றொரு உண்மையை விளக்கினார். சாயங்களைக் கலத்தல் வேறு. ஒளிகளைக் கலத்தல் வேறு. நீலச் சாயமும் மஞ்சட் சாயமும் கலந்தால், இரண்டும் விழுங்காது விட்ட பச்சை ஒளி மட்டுமே எஞ்சிப் பச்சை தெரிகின்றது. ஆனால் தக்க நீல ஒளியையும் மஞ்சள் ஒளியையும் ஒரு வெண்திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தினால், அங்கே தோன்றுவது பச்சையன்று, வெண்மையே. இவை ஒன்றையொன்று நிரப்பி முழு ஒளியாக்கும் இணைகள் என்பது இதனாற் புலனாகும். இதனால்தான் ‘நீலங்கலந்த மஞ்சள்’ என்பதொரு நிறத்தை நம் மனம் கற்பனை செய்யவும் இயலாமல் தவிக்கின்றது.

முடிச்சின் காவல்

இனிச் சுங்குடிக்கு வருவோம். நாயக்கர் ஆட்சிக் காலத்தில் மதுரையிற் குடியேறிய சௌராட்டிரப் பெருமக்கள், பட்டுநூற்காரர் எனப் பெயர் பெற்றுத் தங்கள் நெசவாலும் சாயத் தொழிலாலும் இந்நகரை அணிசெய்தனர். பருத்தித் துணியில் சிறு சிறு இடங்களை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்ப்பது அவர்தம் முறை. முடிச்சின் உள்ளே சாயம் புகாது. அவிழ்த்தால் அவ்விடம் புள்ளியாக நிற்கும். ஒரு புடவைக்கு இத்தகைய முடிச்சுகள் ஆயிரக்கணக்கில் வேண்டும். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்டிர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே செய்து வந்தனர்.

மஞ்சட் புள்ளி வேண்டுமாயின், முதலில் துணி முழுவதையும் மஞ்சளில் தோய்த்து, முடிச்சிட்டுப் பின்னர் அடர்ந்த நிறத்தில் தோய்த்தல் எளிய வழி. சிவப்பிற்கு இஃது ஏற்கும். மஞ்சள்மேற் சிவப்பு ஏறினால் நல்ல செந்நிறமே கிடைக்கும். நீலத்திற்கோ இவ்வழி இடர் தருவது. மஞ்சள்மேல் நீலம் ஏறினால் நிலம் பச்சையாகிவிடும். ஆதலின் தூய நீல நிலத்தில் தூய மஞ்சட் புள்ளி வேண்டுவோர், வெண்துணியில் முடிச்சிட்டுக் கருநீலம் ஏற்றி, முடிச்சவிழ்த்தபின் வெள்ளைப் புள்ளிகளில் மட்டும் மஞ்சளைத் தொட்டுத் தொட்டு வைத்தல் வேண்டும். அன்றேல் நீலத்தை மஞ்சள் மாற்ற இயலாத அளவிற்குக் கறுக்க ஏற்றுதல் வேண்டும். எவ்வழியாயினும் காரியத்தின் உயிர்நாடி ஒன்றே: இரு நிறங்களுக்கும் இடையேயுள்ள எல்லையைக் காத்தல். அக்காவலைச் செய்வது ஒரு முழ நூலும் ஒரு பெண்ணின் விரல்களுமே ஆகும்.

1880-ஆம் ஆண்டில் பேயர் என்னும் அறிஞர் ஆய்வுச் சாலையில் நீலத்தைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். 1897-இல் ஜெர்மானியத் தொழிற்சாலைச் சரக்கு விற்பனைக்கு வந்தது. அதன்பின் இந்திய அவுரி வாணிகம் விரைந்து சுருங்கிற்று. செயற்கைச் சாயங்களுள் வெயிலுக்கும் நீருக்கும் ஈடுகொடுக்கும் மஞ்சள்களும் வந்தன. மஞ்சள் நில்லாது என்னும் பழைய குறை பெரிதும் தீர்ந்தது. இதனை நாம் நன்மையென்றே கொள்வோம். ஆனால் சாயத்தோடு நில்லாமல் முடிச்சையும் இயந்திரம் விழுங்கத் தொடங்கியது. புள்ளிகளை அச்சிட்ட துணியும் சுங்குடி என்னும் பெயராலேயே விற்கப்படுகின்றது. 2005-ஆம் ஆண்டில் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. ஆயினும் வாங்குவோர் வேறுபாட்டை அறியாராயின் குறியீடு மட்டும் தொழிலைக் காவாது.

அவ்வேறுபாட்டை அறிதல் அரிதன்று. அச்சிட்ட புள்ளிகள் யாவும் ஒரே வட்டமாய், ஒரே இடைவெளியோடு, கத்தரித்தாற்போன்ற விளிம்போடு இருக்கும். துணியின் பின்புறத்தில் பெரும்பாலும் மங்கித் தோன்றும். முடிச்சிட்ட புள்ளிகளோ ஒன்றுபோல் ஒன்று இரா; விளிம்பு சற்றே கசிந்திருக்கும்; இருபுறமும் நிறம் ஒத்திருக்கும்; துணியைக் கையிலேந்தினால் முடிச்சிருந்த இடங்களில் நுண்ணிய சுருக்கங்கள் விரலுக்குத் தட்டுப்படும். முன்னதை வாங்குதல் குற்றமன்று. ஆனால் முடிச்சிட்டதன் பெயரால், முடிச்சிடாததை வாங்கி ஏமாறுதல் வேண்டா. அவ்வேமாற்றம் நம் பணத்தோடு நில்லாது, நாள் முழுதும் குனிந்து முடிச்சிடும் ஒருத்தியின் கூலியையும் குறைக்கின்றது.

கண்ணும் எழுத்தும்

இவ்விணையின் பயன் புடவையோடு முடிவதன்று. பலகை எழுதுவோர்க்கும், சுவரொட்டி அமைப்போர்க்கும், கணினித் திரையில் பக்கம் வகுப்போர்க்கும் இது பெரிதும் உதவுவது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவிற்காக வாயிற்பலகை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அழகாயிருக்கும் என்றெண்ணி வெள்ளைப் பலகையில் மெல்லிய மஞ்சள் எழுத்தால் வழி குறித்து வைத்தோம். காலை வெயிலில் அப்பலகை வெறும் பலகையாகவே தோன்றிற்று. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்த முதியோர் பலர் அதனைக் கடந்து சென்று, வேறு வாயிலில் நெடுநேரம் காத்து நின்றனர். அப்பிழை முற்றும் நம்முடையதே. அன்றுதான் நிறம் என்பது அணி மட்டுமன்று, அறமும் ஆகும் என்பதை உணர்ந்தோம்.

ஏன் அங்ஙனம் நேர்ந்தது? நிறங்களுள் ஒளி மிக்கது மஞ்சள். ஒளி குறைந்தவற்றுள் ஒன்று கருநீலம். ஜெர்மானியக் கவிஞர் கதே 1810-இல் வெளியிட்ட தம் நிறநூலில், மஞ்சளை ஒளிக்கு மிக அணித்தானதென்றும் நீலத்தை இருளோடு இயைந்ததென்றும் கூறினார். இக்காலத்தார் அவ்வொளி வேறுபாட்டை எண்ணாலும் அளக்கின்றனர். கணினித் திரையில் கருநீலத்தின்மேல் தூய மஞ்சள் எழுத்தை வைத்தால் அவ்வேறுபாடு ஏறத்தாழ 15-க்கு 1 ஆகும். வெண்மையின்மேல் அதே மஞ்சளை வைத்தாலோ 1.07-க்கு 1 தான். அதாவது வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். படிக்கத்தக்க சாதாரண எழுத்திற்கு 4.5-க்கு 1 ஆயினும் வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டில் வெளியான அனைத்துலக நெறிமுறை. ஆகவே மஞ்சளுக்கு வெண்மை பகை, கருநீலம் நட்பு. அவ்வாறே கருப்பின்மேல் நீலமும் 2.4-க்கு 1 அளவே நிற்பதால் எழுத்திற்கு உதவாது.

இன்னுமொன்று உண்டு. ஆடவருட் சிலர்க்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் வேறுபட்டுத் தோன்றுவதில்லை. ஐரோப்பியருள் ஆடவர் நூற்றுவரில் எண்மர்க்கு இக்குறை உண்டென்பர். நம் நாட்டில் அதனினும் குறைவே. ஆயினும் பெரிய வகுப்பொன்றில் ஓரிருவர் இருத்தல் கூடும். இவர்கட்கும் மஞ்சளும் நீலமும் பெரும்பாலும் தெளிவாகவே வேறுபட்டுத் தோன்றும். அவ்விரண்டையும் மயக்கும் குறை மிக அரிது. ஆதலின் நிலப்படம், விளக்கப்படம், வழிகாட்டிப் பலகை ஆகியவற்றில் சிவப்பு பச்சைகளை விடுத்து மஞ்சள் நீலங்களை ஆளுதல், வாய்திறந்து குறை சொல்லாத ஒரு சிலரையும் நம்மோடு சேர்த்துக் கொள்வதாகும்.

நீலத்திற்கும் ஒரு குறை உண்டு. நம் விழித்திரையின் நடு மையத்தில் நீலத்தை உணரும் நுண்கூம்புகள் இல்லை. அதனால் மிகச் சிறிய நீல எழுத்தும் மிக மெல்லிய நீலக் கோடும் தம் நிறத்தைக் காட்டாமல் கருத்துத் தோன்றும். நீலம் பரப்பாக இருப்பின் பெருமையுறும்; கோடாக இருப்பின் சிறுமையுறும். மஞ்சளோ சிறு புள்ளியாக நின்றும் விளங்கும். இருளறைக்கு ஒரு சிறு விளக்குப் போதுமன்றோ?

அளவு

எவ்வளவு மஞ்சளுக்கு எவ்வளவு நீலம்? இதற்கும் ஓர் அளவு சொன்னவர் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு ஓவிய ஆசிரியர் இட்டன், 1961-இல் வெளியிட்ட நூலில், கதேயின் எண்களை அடியொற்றி, மஞ்சள் மூன்று பங்காயின் நீலம் எட்டுப் பங்கு இருத்தல் வேண்டும் என்றார். இரண்டும் சமபங்காயின் எது நிலம், எது உருவம் என்று அறியாது கண் தடுமாறும். மஞ்சள் மிகுந்து நீலம் சுருங்கினால், நெடுநேரம் நோக்குதற்குக் கண் கூசும். நீலம் பரந்து மஞ்சள் சுருங்கி நிற்பதே இனிது. இவ்வெண்களை ஒருகாலும் கேட்டிராத நம் முடிச்சுக்காரப் பெண்டிர், நீலத்தைப் புடவை முழுதும் பரப்பி மஞ்சளைப் புள்ளியாகவும் கரையாகவும் சுருக்கி வைத்தது, கண்ணையே ஆசானாகக் கொண்டு கற்ற கல்வியால் என்க.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மஞ்சளும் நீலமும் கலந்தால் இரண்டும் கெடும். அடுத்து நின்றால் இரண்டும் ஓங்கும். நீலம் பரப்பாகவும் மஞ்சள் சிறிதாகவும் அமைதல் நன்று. மஞ்சளை வெண்மையின்மேலும் நீலத்தைக் கருப்பின்மேலும் எழுதலாகாது. எல்லாவற்றிற்கும் மேலாக, இரண்டிற்கும் நடுவேயுள்ள எல்லை தெளிவாக இருத்தல் வேண்டும்.

அடுத்த முறை நம் மாணவ நண்பர் ஒருவர் விழாவிற்குப் பலகை எழுதப் புகுங்கால், எழுதி முடித்தபின் இருபது அடி பின்னே சென்று, ஒரு முதியவரை அழைத்துப் படிக்கச் சொல்வாராக. தம் இல்லத்திற்குப் புடவை வாங்கச் செல்லுங்கால், துணியைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்ப்பாராக. அதன் சுருக்கங்களில் ஒரு கை தெரியுமாயின், அக்கைக்குரிய விலையைத் தயங்காது கொடுப்பாராக.